மூன்றாவதாக நிற்க மாட்டேன்

எண்பதுகளின் தொடக்கத்தில், பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தவறியவர்கள் திண்டுக்கல்லில் டுடோரியலுக்குப் போவார்கள். நானும் ஒரு தோழியும் சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் போனோம். டுடோரியல் ஒரு பூட்டுப் பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே இரும்பை அராவும் சத்தம் ஓய்ந்தால்தான் பாடம் காதில் விழும். அக்டோபர் பரீட்சையிலும் தவறினால் தறியில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்குத் தறி பிடிக்காது.

ஒப்பீட்டுச் சொற்களை நடத்த சாருக்கு ஒரு முறை இருந்தது. மூன்று பேரை எழுப்பி வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பிரம்பை நீட்டி, "டால், டாலர், டாலஸ்ட்" என்பார். வகுப்பே திருப்பிச் சொல்லும். உயரம் முடிந்தால் பருமன், பருமன் முடிந்தால் நிறம். நிறத்துக்கு மூன்றாவது ஆள் எப்போதும் நான்தான். "பிளாக்கஸ்ட்" என்று அத்தனை குரலும் என்னைப் பார்த்துச் சொல்லும். பஸ் ஸ்டாண்டில் பையன்கள் அதையே எனக்குப் பெயராக்கிவிட்டார்கள். பியூட்டிஃபுல் போன்ற நீளமான சொல்லுக்கு முன்னால் மோர், மோஸ்ட் போட வேண்டும். அதற்கு மட்டும் சார் யாரையும் எழுப்பியதில்லை.

ஒருநாள் இரண்டு பேரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ எந்திரிம்மா."

நான் எழவில்லை.

"காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். எந்திரிக்க மாட்டேன்."

"மூணாவது ஆள் இல்லாம எப்படிப் பாடம் நடத்துறது?"

"நீங்க நில்லுங்க சார். என்னைய விட நீங்கதான் கறுப்பு."

நான் கத்தியதாகத் தோழி இன்றும் சொல்கிறாள். கத்தவில்லை. சாதாரணக் குரலில், இருந்ததைச் சொன்னேன். கத்தியது, அதைக் கேட்டுச் சிரித்த வகுப்புதான்.

"மன்னிப்புக் கேட்டுட்டு உள்ள இரு. இல்லைன்னா வெளிய போ."

"தெனமும் நீங்க என்னையச் சொன்னத நான் ஒரு தடவ சொன்னேன். அதுக்கு எதுக்கு சார் மன்னிப்பு?"

வெளியே போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து மீதிப் பாடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். படி பட்டறைக்காரருடையது, அங்கிருந்து என்னைக் கிளப்ப சாரால் முடியாது.

திரும்பும்போது தோழி பொருமினாள். "ஒனக்கு எதுக்குடி இம்புட்டு வாய்? செத்த நேரம் நின்னுட்டு உக்காந்தா பாஸ் பண்ணிட்டுப் போயிரலாம்ல."

"பாஸ் பண்ணத்தான் போறேன். நிக்கத்தான் மாட்டேன்."

மறுநாள் நேராகப் படிக்கே போனேன். நிறத்துக்கு மூன்றாவது ஆளாகத் தோழியை எழுப்பும் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

"கால் வலிக்குது சார்" என்றாள் அவள். அன்று காலை பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் பேசிக்கொண்டே நின்று வந்தவள். அடுத்து எழுப்பப்பட்ட பெண்ணுக்கும் கால் வலித்தது. பிறகு, ஆளை நிறுத்துவதற்குப் பதில் சார் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் கிறீச்சிட்டது. அதன்பின் நிறத்துக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை.

அக்டோபர் வரை நான் படியில்தான் படித்தேன். மன்னிப்பும் கேட்கவில்லை. பரீட்சையில் 'டாலஸ்ட்' போன்ற மூன்றாம் நிலைச் சொல் ஒன்றை வைத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வகுப்பிலேயே மிகக் கறுப்பான பெண் நான்தான் என்று, பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதினேன். அதை நான் சொல்லலாம். பிரம்பை நீட்டி இன்னொருவர் சொல்லக் கூடாது.

தேறினேன். தறியில் உட்காரவில்லை.