மஞ்சள் கோடு

அப்பா போல்ட் முடுக்குகிறவர். திருச்சுழிப் பக்கம் ஆற்றுக்குக் குறுக்கே இரும்புப் பாலம் போட்டபோது, கரையில் தகரக் கொட்டகை அடித்துத் தங்கியிருந்தோம். ஆறு என்று பேர்தான். தண்ணீரை நான் பார்த்ததில்லை.

பாலத்தின் இரும்பு உத்தரங்கள் துண்டுதுண்டாக லாரியில் வரும். கரையிலேயே இரண்டு துண்டுக்கும் நடுவில் இரும்புத் தட்டு வைத்து, போல்ட் போட்டு இணைத்து, பிறகு கிரேனால் தூக்குவார்கள். நீள ஸ்பேனரால் முழுசாக முடுக்கியதும், நட்டிலிருந்து தட்டுவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார் அப்பா. கோடு விழுந்த போல்ட்டை அப்புறம் யாரும் தொடுவதில்லை.

அன்று வேலை முடிந்தால் அருப்புக்கோட்டையில் எனக்குப் பாவாடை எடுப்பதாகப் பேச்சு. அப்பாவும் அவரோடு முடுக்குகிற சித்தப்பாவும் மாறிமாறிச் சாப்பிடப் போன நேரத்தில் வேலையை நானே முடித்துவிட்டேன். மிச்சமிருந்த போல்ட்டுக்கெல்லாம் கோடு. சித்தப்பா முடுக்கியதாக அப்பா நினைத்தார், அப்பா முடுக்கியதாகச் சித்தப்பா நினைத்தார்.

பஸ் பாதி வழி போனதும் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"அடி எஞ்சினியரம்மா!" என்று சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வெயிலில் நடந்தே திரும்பினோம்.

நான் காட்டிய தட்டில் பதினொரு நட்டு முடுக்காமல் லொடலொடவென்று திரும்பின. எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, வேற எங்கிட்டாச்சும் கோடு போட்டியா?"

அடுத்த உத்தரத்திலும் போட்டிருந்தேன். பாவாடைதான் போச்சு, அடியாவது விழாமல் இருக்கட்டும் என்று, "இல்லப்பா" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரித்தா" என்று எழுந்துகொண்டார்.

மறுநாள் காலையில் கிரேன் வந்தது. அப்பா எஞ்சினியரிடம் போய் நடந்ததைச் சொல்லி, எல்லா இணைப்பையும் பார்த்த பிறகு தூக்கச் சொன்னார்.

"பிள்ளை வெளையாடுற எடமாய்யா இது? இன்னைக்கே கெளம்பு" என்றார் எஞ்சினியர்.

"அதான் சரிபண்ணியாச்சுல்லண்ணே, அவுககிட்ட எதுக்குச் சொன்னீக?" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் பாக்கட்டும்டா."

பார்த்தார்கள். அடுத்த உத்தரத்தில் மூன்று நட்டு திரும்பினவாம். சித்தப்பா ஓடிவந்து சொன்னபோது அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பிறகு எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இன்னும் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கொட்டகையைக் காலிசெய்து கிளம்பிய அன்று, பஸ்ஸில் அப்பா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். கிரேன் உத்தரத்தைத் தூக்குவது தெரிந்தது. அது தூண்மேல் உட்காரும்வரை அப்பா எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மூன்று நட்டைப் பற்றி என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்ற நிம்மதியில் நான் தூங்கிப்போனேன்.