டீமில் எனக்கு இடமில்லையாம்!

மாட்டுப்பொங்கல் அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... குன்னூர் குளிரே தெரியவில்லை!

எங்கள் எஸ்டேட்டில் அன்றைக்கு வருஷா வருஷம் கிரிக்கெட் மேட்ச். வேலையில் இருப்பவர்களுக்கும் ரிட்டயர் ஆனவர்களுக்கும். பந்து தேயிலைச் செடிக்குள் போனால் ரெண்டு ரன். தேடுவதற்கு யாருக்குத் தெம்பு இருக்கிறது?

ரிட்டயர்டு டீமில் சேர ஒரே கண்டிஷன் — புகை பிடிக்கக் கூடாது. கேப்டன் ஸ்டீபன் போட்ட சட்டம். அதற்காகவே சிகரெட்டை விட்டவன் நான். போன மாதம் ஆபீஸில் மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாளே வெள்ளை ஷூ வாங்கியாச்சு.

கிரவுண்டுக்குப் போனால் ஸ்டீபன் கையை விரிக்கிறார்.

"ஏனுங்க, டீம் ஃபுல்லுங்க. வெளியவே அஞ்சாறு பேர் உக்காந்திருக்காங்க."

"இதுக்கா சிகரெட்டை விட்டேன்?" கத்தியேவிட்டேன்.

அவர் சிரிக்கிறார். "கோவிச்சுக்காதீங்க. முன்னெல்லாம் நம்ம டீமுக்கு ஆள் கடன் வாங்குவோமே, ஞாபகம் இருக்குதுங்களா?"

இல்லாமலா? டீ டைமில் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரே பீடிப் புகை. குளிருக்கு இதமாம்! ரிட்டயர் ஆன கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவார்கள். யாருக்காவது மௌன அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் டாஸ் போடுவோம்.

ஸ்டீபன் சட்டம் வந்ததும் ஒருத்தர் விட்டார். நெருப்புக் கேட்க ஆளில்லாமல் பக்கத்து ஆளும் விட்டார். விடாதவர்களுக்கும் தனியாக நின்று ஊத வெட்கம்... பாதியாகக் குறைத்தார்கள். நெஞ்சைப் பிடித்துச் சாய்வதும் குறைந்தது. அதற்கு மாத்திரை மருந்தும் காரணம் என்கிறார் எங்கள் டாக்டர். இருக்கட்டுமே! ஒருத்தர் விட்டால் அவர் ஒருத்தர் பிழைப்பார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து குறைத்தால் எஸ்டேட்டுக்கே ஆயுசு கூடுகிறது, பாருங்களேன்.

இந்த வருஷம் அஞ்சலி இல்லை. நேரே டாஸ்!

எனக்கு அம்பயர் தொப்பி கொடுத்தார்கள். பைபாஸ் ஆபரேஷன் ஆன ரிட்டயர்டு டீம் செல்வராஜ் முதல் பந்திலேயே எல்.பி.டபிள்யூ. சத்தியமாக அவுட். கூசாமல் "நாட் அவுட்" என்றேன். மனுஷர் மட்டையைத் தூக்கி ஆடின ஆட்டத்தைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன?

சாயங்காலம் ஸ்டீபன் என் தோளில் கை போட்டார். "அடுத்த வருஷம் யாராச்சும் இல்லாமப் போனா, அந்த எடம் உங்களுக்குத்தானுங்க..."

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன்.

"வேண்டாஞ்சாமி! நான் அம்பயராவே இருந்துட்டுப் போறேன்!"