நான்காம் எண் உருண்டை

ஸ்ரீராம்புரத்துத் தனக்கோடிக்கு ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடமாக ஒரே வேலை: செயற்கைக்கோளில் போகும் உலோக உருண்டைகளுக்குக் கிராஃபைட் பூச்சு அடிப்பது. நீளக் கம்பிகளின் நுனியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு உருண்டைகளை வைத்துத்தான், துருவ வானில் ஒளி ஆடும் இடத்துக்கு மேலே மின்புலம் எவ்வளவு என்று அளப்பார்கள். பூச்சு துளி பிசகினாலும், இல்லாத மின்புலத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

1997இல் உருண்டைகளைப் பெட்டியில் அடுக்கும்போது அவளுடைய கையுறை விரல்நுனியில் கிழிந்து, நான்காம் எண் உருண்டையில் விரல் பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவளே போய்ச் சொன்னாள். அந்த உருண்டையின் பூச்சைத் தேய்த்தெடுத்து, மறுபூச்சு அடித்து அனுப்பினார்கள். பதிவேட்டில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

மறு வருடம் அந்தக் கையெழுத்தே அவளைத் தேடி வந்தது.

துருவ ஒளிக்கு மேலே கடந்தபோது மின்புலம் திடீரென்று பல மடங்கு எகிறியதாகச் செயற்கைக்கோள் காட்டியது. வெளிநாட்டுக் குழு நம்பவில்லை. பதிவேட்டைப் பார்த்துவிட்டு, மறுபூச்சு கண்ட உருண்டையில்தான் கோளாறு என்று கடிதம் எழுதியது. மேலாளர் நாகேஷ் அவளைக் கூப்பிட்டார்.

“நோடம்மா, இங்க பாரு, நீ சும்மா இருந்திருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது. அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் முடியுது, தெரியுமில்ல?”

“தெரியும் சார். கை பட்டதச் சொல்லாம அனுப்ப மனசு வரல.”

பக்கத்தில் நின்ற விஞ்ஞானி சுந்தரராமன் குறுக்கிட்டார். “ரெண்டு நாள் குடுங்க நாகேஷ். சாட்டிலைட் பம்பரமாட்டம் சுத்திக்கிட்டே போகுது. உருண்டையில தப்புன்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தப்பத்தான் காட்டும். நெஜமான புலம்னா, உருண்டைங்க இடம் மாறுறப்போ அளவும் தலைகீழாகணும்.”

அந்த இரண்டு நாளும் தனக்கோடி ஸ்பிரே கன்னைத் தொடவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். தொலைபேசி அடித்தால் எழுந்து நின்றாள்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் சுந்தரராமன் வந்து அவள் மேசையில் ஒரு தாளை விரித்தார். கோடு சுற்றுக்குச் சுற்று மேலும் கீழுமாகப் புரண்டிருந்தது.

“தலைகீழாகுதும்மா. உங்க உருண்டையில ஒண்ணும் இல்ல. வானத்துலதான் நெஜமாவே அவ்வளவு புலம் இருக்கு.”

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அவங்க லெட்டர் சார்?”

“பதில் போயாச்சு. நாகேஷும் கையெழுத்துப் போட்டிருக்காரு.”

சாயங்காலம் நாகேஷே புது ஒப்பந்தத்தோடு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை; பேனாவை நீட்டினார். தனக்கோடி நின்றபடியே வரி விடாமல் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு சார். சரி பண்ணிக் குடுங்க, போடறேன்.”