சொந்தக்காரர் இல்லாத பூட்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் நம்மைத் தேடி யாரும் நல்ல நாளில் வருவதில்லை. வருகிறவர்களும், காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி, காசு கொடுக்காமலே மென்பொருள் திறக்கிற மாதிரி அப்படியே ஒரு கிராக் போட்டுக் கொடு என்பார்கள். இதே தொழிலில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பிரான்சில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்துவிட்டு வில்லியனூருக்குத் திரும்பியவன். கம்ப்யூட்டர் கேமோ வேறெதுவோ, செய்தவன் விற்றுக்கொண்டிருக்கிற சரக்கை உடைக்க மாட்டேன். அந்த வீராப்பினால் கடையில் பெரும்பாலும் நானும் மின்விசிறியும்தான்.

புளி போட்டு விளக்கியது

தனலட்சுமி அக்கா ஸ்டேஷன் பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர். அவருடைய பழைய தமிழ் டைப்பிங் மென்பொருள், கம்ப்யூட்டரின் முதுகில் கட்டைவிரல் அளவு மின்னணுப் பூட்டு ஒன்று செருகியிருந்தால்தான் திறக்கும். ஆயுத பூஜைக்குக் கத்தரி, ஸ்கேல், கட்டிங் கத்தி எல்லாவற்றையும் துடைத்தவர், பூட்டையும் கழற்றிப் புளி போட்டு விளக்கி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். பித்தளை மாதிரி பளபளத்தது. உயிர் போய்விட்டது. வேறு பூட்டு வாங்கலாமென்றால் விற்ற கம்பெனி மூடிப் பல வருஷம்.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்பது ஒருமுறை சண்டை போட்டு முடிவாகிற விஷயம். அடுத்த கல்யாணத்துக்குப் பழையதிலேயே மாப்பிள்ளை, பெண் பெயரை மட்டும் மாற்றுவார்கள். அப்படிப்பட்ட பத்திரிகைகள் எல்லாம் அந்த மென்பொருளுக்குள் இருந்தன. புதிதாக அடிக்கலாமென்றால் அக்காவின் விரல்களுக்கு வேறு கீபோர்டு தெரியாது. மண்ணாடிப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் அவசரமாகக் கேட்டிருந்தது. அது மூலக்குளத்துப் புது அச்சுக் கடைக்குப் போனால் பங்காளிகள் அத்தனை பேரும் பின்னாலேயே போவார்கள். அப்புறம் அக்கா கடையைச் சாத்த வேண்டியதுதான். பூட்டில்லாமலே திறக்கிற மாதிரி செய்து கொடுங்கள் என்று கேட்டார். ஆளில்லாத வீடென்றாலும் பூட்டை உடைத்தால் உடைத்ததுதானே என்று இழுத்தேன்.

“வூடு அவங்களுதாவே இருக்கட்டும் சார். உள்ள மாட்டிக்கினு கீறது எங்க சாமானு!”

பிரியாணிக் கடை

யாரையாவது கேட்டுவிட்டுச் செய்யலாமென்று, மென்பொருள் வந்த அட்டைப் பெட்டியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் பிரியாணிக் கடைக்காரர். அந்த எண் தனக்கு எப்படி வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. தப்பான எண் என்று தெரிந்த பிறகும் நான் வைக்கவில்லை. தமிழ், பிரெஞ்சு என்று இரண்டு மொழி படித்த வாய்க்கு அன்று காலையிலிருந்து ஒரு மொழிக்கும் வேலை வரவில்லை. பூட்டு, சந்தனம், கம்பெனி என்று முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அது கெடக்கட்டும் சார், பார்சல் ஒண்ணு போட்டுரவா? ஒரு ஆளுக்குத்தான?”

டைல்ஸ் கடை

பெட்டிக்குள் இருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மென்பொருளை எழுதியவர் பெயர் இருந்தது. விசாரித்ததில் ஆள் மூலக்குளத்திலேயே டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். சேவியர், என் வயதுதான். உரிமை கம்பெனி முதலாளிக்குத்தான், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்றார். மென்பொருள் அந்தப் பூட்டிடம் “இருக்கியா?” என்று கேட்கும், அது “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும், மொத்தப் பாதுகாப்பும் அவ்வளவுதான் என்று சிரித்தார். பிறகு, தான் வரைந்த ‘ழ’ எழுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்திலிருந்த டைல்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். உடைக்கலாமா என்று நேராகவே கேட்டேன்.

“செய்யுங்கன்னு சொல்ல நான் யாரு சார்? செஞ்சீங்கன்னா எனக்கு ஒரு காப்பி குடுங்க. எழுதுனவன் கையில ஒண்ணுகூட இல்ல.”

திறந்தது

அந்த “இருக்கியா?” கேள்வி கேட்கிற இடத்தைத் தாண்டிப் போகும்படி மாற்றினேன். மென்பொருள் யாரையும் தேடாமல் திறந்துகொண்டது. சேவியரிடம் பென்டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் கூட்டம், தலையை ஆட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மண்ணாடிப்பட்டுக் குடும்பத்தின் பத்திரிகையை அக்கா திரையில் விரல் வைத்துப் படித்தார். பெரியப்பாவுக்குப் பின்னால் சித்தப்பா, அவருக்குப் பின்னால் மாமா, எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். நான் செய்தது சரிதானா என்று அக்காவிடமே கேட்கலாமென்று நின்றேன். அவர் காகிதம் எடுக்கத் திரும்பிவிட்டார்.

“இனிமே பூட்டுத் தொல்லையே இல்ல. நீங்க இந்தப் பக்கம் வரவே வேணாம் சார், நிம்மதியா இருங்க.”

அனுமதி கொடுக்கவும் ஆளில்லை, தப்பென்று திட்டவும் ஆளில்லை; நம் தொழிலில் யோக்கியனாக இருப்பதற்குக்கூட எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.