வளையத்தடியில் சந்தனம்

என் கணவரின் மடக்குக் கத்தியைக் கெடுத்தவள் நான். அந்தப் பழியைச் சுமந்தவன் என் கொழுந்தன் தியாகு. சுமக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நானேதான்!

ஒரு கத்திக்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் அந்தக் கத்தியை நீங்கள் பார்த்ததில்லை. மரப்பிடி, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கழுத்தில் ஓர் உலோக வளையம். அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். லோரி ஓட்டத் தொடங்கிய வருடம் அவர் வாங்கியது. எவர்சில்வர் அல்ல, பழைய முறை எஃகு; ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். அதனால் பழம் நறுக்கியதும் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மடக்கி வைப்பார். குழாயடியில் காட்டவே மாட்டார். இத்தனை வருடத்தில் என் தலைக்கு ஒரு நாள் எண்ணெய் வைத்துவிட்டதுண்டா? கத்திக்கு வாரம் தவறாது!

பொறாமையா?... இருந்திருக்கலாம்.

கிள்ளானில் எங்கள் வீட்டு ஆயுத பூசையில் லோரிச் சாவி முதல் என் தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அந்தக் கத்திக்கு மட்டும் கிடையாது. "அதுக்குச் சந்தனம் கிந்தனம்லாம் வேணாம்லா சாந்தி, தொடைச்சு வச்சா போதும்" என்பார். போன வருடம் பூசையன்று அவர் ஜொகூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கத்தி வீட்டில் இருந்தது. அந்த வாரம்தான் தியாகு அதை இரவல் வாங்கிப் போய், என்னிடம் திருப்பிக் கொடுத்திருந்தான்.

அவர் இல்லாத தைரியம்... கத்தியைத் திறந்து மஞ்சள் நீரில் முக்கிக் கழுவினேன். பிடியெல்லாம் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தேன். முனையில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் குத்திச் சாமி படத்துக்கு முன் வைத்தேன். மறுநாள் பூசை முடியும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது அல்லவா? தொடவில்லை. பக்தியோடு தொடவில்லை!

மறுநாள் பழத்தை உருவினால் முனை கரியாகியிருந்தது. அலகெங்கும் செந்துரு. மரம் நீர் குடித்து ஊதிப்போய், அலகை மடக்க வரவில்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டு, முழங்காலில் வைத்து அழுத்தி மடக்கினேன். பிறகு திறக்க வரவில்லை. அப்படியே அவருடைய மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

இரண்டு நாள் கழித்து வந்தவர் கத்தியைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "தியாகுதானே கடைசியா எடுத்தான்?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது, "ஆமாங்க, அவருதான்."

உடனே போன் போட்டார். "நான் தொடைச்சுதாண்ணே குடுத்தேன்" என்று தியாகு சொன்னது எனக்கும் கேட்டது. "பொய் வேற சொல்றியா? உன்ன நம்பி இனிமே ஒரு பொருள் குடுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டார். ஞாயிறு தவறாமல் காஜாங்கிலிருந்து சாப்பிட வருகிறவன் அதோடு நின்றுபோனான். தீபாவளிக்கும் வரவில்லை. அவர் இலைக்கு முன் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்வதைவிடக் கத்தியைச் சரிசெய்வது சுலபம் என்று எனக்குப் பட்டது. என் புத்தி அப்படி!

குப்பையில் போடச் சொன்னார். போடவில்லை. ஈரம் போக அரிசி டின்னுக்குள் இரண்டு வாரம் புதைத்து வைத்தேன். பிறகு கைப்பைக்குள் சுருட்டி, நான் தைக்கப் போகும் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே. பிடியின் அடியை மேசையில் தட்டித் தட்டி, நான்காம் நாள் அலகு நகம் கொள்ளும் அளவு தலைநீட்டியது. கம்பி நாரில் எண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்த்தேன். உப்புத்தாள் போட்ட மரத்துக்கு மூன்று முறை எண்ணெய் ஊட்டினேன். வளையத்தைக் கழற்ற மட்டும் தெரியவில்லை. சுற்றித் துடைத்ததோடு விட்டேன்.

தீட்டுவதுதான் உயிரை வாங்கியது. சாணைக்கல்லில் சாய்வு மாறினால் கூர் போய்விடும். ஒரு பக்கம் தீட்டி, மறுபக்கம் விரல் வைத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அப்புறம்தான் திருப்ப வேண்டும். அந்தப் பிசிறு விரலுக்குப் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஒரு நாள் தக்காளியின்மேல் வைத்தேன். அழுத்தவில்லை, இழுத்தேன். தோல் அதுவாகப் பிரிந்தது... கடையென்றும் பாராமல் கைதட்டினேன்! நான், ஊசி பிடிப்பதைத் தவிர வேறெதுவும் அறியாத நான்!

வீட்டில் கத்தியை அவர் கையில் வைத்தபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திறந்தார், மடக்கினார், மறுபடி திறந்தார். "யார்கிட்ட குடுத்த?"

"யார்கிட்டயும் குடுக்கல. நான்தான் பண்ணேன்."

அன்றிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்பில் நான் ராணி. அக்கம்பக்கத்து அக்காமார்கள் அரிவாள்மனையோடு வந்து நின்றார்கள். "எங்க வீட்டம்மா கைய பாருங்க" என்று அவர் லோரிக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்றும் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டேன்!

அந்தச் சந்தோஷத்தில் அவரே தம்பியைக் கூப்பிட்டார். "உங்க அண்ணி சரி பண்ணிட்டா. பழச மறந்துட்டேன், வீட்டுக்கு வா."

ஞாயிறன்று தியாகு வந்தான். வந்ததும் அண்ணன் கையைப் பிடித்து, "நான்தாண்ணே சரியா பாக்கல போல. மன்னிச்சிக்குங்க" என்றான். செய்யாத தப்புக்கு! நான் குழம்புக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றேன்.

சாப்பிட்டதும் அவர் ஒரு பொமெலோவையும் கத்தியையும் தம்பியிடம் கொடுத்துவிட்டு டிவி பக்கம் திரும்பினார். தியாகு விளையாட்டாக வளையத்தை முழுச் சுற்றுச் சுற்றினான். நான் ஒருநாளும் அவ்வளவு தூரம் திருகியதில்லை. அடியில் காய்ந்துபோன சந்தனம், மஞ்சளாய் ஒரு கோடு.

அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டில் எந்த நாளில் ஆயுதத்துக்குச் சந்தனம் பூசுவோம், யார் பூசுவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

கட்டைவிரல் நகத்தால் அந்தக் கோட்டைச் சுரண்டி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பழத்தை உரித்து முதல் சுளையை என்னிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்க அண்ணி. கத்தி நல்லா வெட்டுது."

வாங்கித் தின்றேன்... வேறென்ன செய்வேன்?

இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாரம் தவறாமல் கத்திக்கு எண்ணெய் இடுகிறேன். வளையத்தையும் முழுக்கச் சுற்றித் துடைக்கிறேன். என் கணவர் கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் அவர் எதற்குக் கேட்கப்போகிறார்? அவரைப் பொறுத்தவரை கெடுத்தவன் தம்பி, காப்பாற்றியவள் நான்.