காசிமிக்காவின் சொந்த மைக்

போன வியாழக்கிழமை காலை ஜோஷி வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. காசிமிக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஏதாவது...?

"இக்காவுக்கு ஒண்ணுமில்ல சேட்டா. ஆனா ரெக்கார்டிங்ல பல்லவிக்கு மேல இக்காவோட வாய்ஸ் இல்ல."

அடப்பாவி! அந்த ரெக்கார்டிங்கே அந்த வாய்ஸுக்காகத்தானே?

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கொச்சி மட்டாஞ்சேரியில், என் வீட்டு மாடி அறையில், ஞாயிறு மதியம் மூன்று பேர் கூடி வாசிப்போம். காசிமிக்கா (இக்கா என்றால் இங்கே அண்ணன்) பாட்டு. ஜோஷி கிடார். அடியேன் ஹார்மோனியம். "மூணு பேர் கூடினா பேண்டா? சீட்டாட ஒரு கை குறையுதே" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

காசிமிக்காவுக்கு பிராட்வே கடைத்தெருவில் துணிக்கடை. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், மேடையில் இரண்டும். இந்த ஊரில் அவர் பாடாத கல்யாணம் உண்டா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். சிகரெட் கிடையாது, வெற்றிலை கிடையாது. அப்படிப்பட்டவருக்குத்தான் சில மாதங்களுக்கு முன் குரல் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்றார், தூசி என்றார். கடைசியில் பார்த்தால் — கேன்சர். குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார் என்றார் டாக்டர். குரல்? அது போய்விடும்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்று அவர் மனைவி ரமீஸா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, எனக்குன்னு அவங்க ஒரு பாட்டு கட்டியிருக்காங்க. வீட்ல மட்டும்தான் பாடுவாங்க. அத மட்டும் பிடிச்சு வச்சுத் தந்துருங்க."

கல்யாண வீடியோக்களில் காசிமிக்கா இருக்கிறார்தான். ஆனால் அங்கே பாடியதெல்லாம் ஊர் அறிந்த பாட்டு. இந்தப் பாட்டு மட்டும் எதிலுமே இல்லை. நம் லட்சணத்தைப் பாருங்கள்... மீன் குழம்பு கொதிப்பதைக்கூட வீடியோ எடுக்கிறோம். வீட்டில் தினமும் கேட்கிற குரலை யாராவது எடுத்து வைக்கிறோமா? நாளைக்கும் கேட்கும் என்கிற நம்பிக்கைதான்!

முதலில் இடப்பள்ளிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனோம். ஹெட்போனை மாட்டிக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தினார்கள். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார்.

"அந்தப் பெட்டிக்குள்ள நின்னுட்டு யாருக்குடா பாடறது? ஆளு முகம் வேணும் எனக்கு."

சரி, நம் மாடியே போதும் என்று முடிவானது. மூவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் வாசிப்பது, பாடுவது. கிடாருக்கு ஒரு மைக், ஹார்மோனியத்துக்கு ஒரு மைக். காசிமிக்காவுக்கு அவர் கல்யாணங்களுக்குக் கொண்டுபோகும் சொந்த மைக். "இது கையில இருந்தாத்தான் எனக்கு வாயே திறக்கும்" என்றார். எல்லாம் ஜோஷியின் லேப்டாப்பில் தனித்தனியாகப் பதிவாகும்.

ஜன்னல்களுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்தோம். ஃபேனை நிறுத்தினோம். கீழே ஃப்ரிட்ஜையும் நிறுத்தினேன். நிறுத்தியதை மறந்து, இரண்டு கிலோ மத்தி மீன் நாறிப்போய், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. கொச்சிப் புழுக்கத்தில் மூன்று பேரும் நனைந்துவிட்டோம்.

ஒரே ஒரு தடவைதான் பாட முடியும் என்று முன்பே சொல்லியிருந்தார் காசிமிக்கா. தொண்டை அவ்வளவுதான் தாங்கும். பாடினார்... என்னமாய்ப் பாடினார்! கரகரப்பும் சேர்ந்து அந்தப் பாட்டே வேறு பாட்டாகிவிட்டது. கட்டை எது, விரல் எது என்று தெரியாமல்தான் நான் வாசித்தேன். கண்ணீர் மறைத்தது.

முடிந்ததும் ஜோஷி லேப்டாப்பை மூடினான். ஆபரேஷன் முடிந்து அவர் வீடு வந்து சேரும்வரை அதைத் திறந்து கேட்கும் தெம்பு எங்கள் இருவருக்கும் இல்லை.

இப்போது என் முன்னால் திறந்து போட்டுக் காட்டினான். பல்லவி இருக்கிறது. பிறகு கிடார் தனியாக வருகிற இடத்தில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு அவர் மைக்கில் ஒன்றுமே இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாண மேடையில் காசிமிக்காவுக்கு ஒரு மரியாதை உண்டு. இருமல் வந்தால், மைக்கின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இருமுவார். கல்யாண வீட்டுக்காரர்கள் நம் இருமலை ஏன் கேட்க வேண்டும் என்பார். அன்றும் இருமல் வந்திருக்கிறது, அணைத்திருக்கிறார். மறுபடி போட மறந்திருக்கிறார். மேடையென்றால் ஸ்பீக்கர் காட்டிக்கொடுத்திருக்கும். என் மாடியில் ஸ்பீக்கர் ஏது? எதிரே உட்கார்ந்து பாடுகிறவர் குரல் எங்களுக்குத் தெளிவாகத்தானே கேட்டது?

மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தில் கட்டு. ஜோஷி ரெக்கார்டிங்கைப் போட்டான். க்ளிக் சத்தம் கேட்டதும் காசிமிக்கா நிமிர்ந்தார். அடுத்த நொடி உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு... ரமீஸா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருமலை மறைத்த மனுஷனுக்கு இப்போது 'ஐயோ' என்று சொல்லக்கூட வழியில்லை.

ஜோஷிதான் ரமீஸாவிடம் மெல்ல ஆரம்பித்தான். "இத்தா, என் கிடார் மைக்ல இக்கா வாய்ஸ் கொஞ்சம் விழுந்திருக்கு. ஆனா தூரத்துல கேக்கற மாதிரி இருக்கும். கிடார்லருந்து தனியா பிரிச்சு எடுத்துப் பாத்தேன், சரியா வரல."

"போடு, கேப்போம்" என்றார் ரமீஸா.

கிடார் பக்கத்தில் கேட்டது. பின்னால், எங்கோ, காசிமிக்கா. பல்லவி, சரணம், முழுப்பாட்டும். எங்களுக்கு ரமீஸாவின் முகத்தைப் பார்க்கவே பயம்.

பாட்டு முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இதுதாண்ணே. எனக்கு இப்படித்தான் கேக்கும். அவங்க கூடத்துல இருந்து பாடுவாங்க, நான் அடுக்களையில நிப்பேன். இத்தனை வருஷத்துல பக்கத்துல உக்காந்து எங்க கேட்டேன்?"

சொல்லிவிட்டு எங்களுக்குச் சாயா போட எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வழக்கம்போலக் குரல் வந்தது.

"என்னங்க, அண்ணனுக்குச் சர்க்கரை போடக் கூடாதுல்ல?"

நான் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி எனக்கில்லையே.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. ரமீஸா அடுக்களை வாசல்வரை வந்து கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ரமீஸா திரும்பிப் போனார்.

இனிமேல் ஒவ்வொரு பதிலுக்கும் அவர் அடுக்களையை விட்டு வெளியே வர வேண்டும்.