பதினோராம் ஸ்லைடில் ஒன்றுமில்லை

நான் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவன். பாசி என் எதிரி. மாடித் தொட்டியோ, ஓட்டல் தொட்டியோ, தோட்டத்துத் தொட்டியோ, இறங்கித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் ஏறுவேன். எங்களோடு இருக்கிற என் அக்காவுக்கும் இதே தொழில். மேலே நின்று பம்பையும் கயிற்றையும் பார்த்துக்கொள்வாள், என்னைத் திட்டவும் செய்வாள். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு வாழ வந்த என் மனைவி பாசியைப் பற்றிப் படித்தாள். உலகத்தில் வேறு படிப்பே கிடைக்கவில்லையா என்று கேட்காத ஆள் பாக்கி இல்லை.

"நாம சுரண்டிப் போடறத இவ பொறுக்கிட்டு வந்து பாட்டில்ல வைக்கிறாடா" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். பாசிக்காரி என்ற பெயரும் அக்கா வைத்ததுதான்.

கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன படிப்பு அது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் சேர்ந்துகொண்டாள். என்னிடம் அனுமதி கேட்கவில்லை; சேர்ந்துவிட்டு வந்து சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கோபப்பட்டு முடிச்சுட்டீங்கன்னா சாப்பிட வாங்க" என்றாள். போய்ச் சாப்பிட்டேன். அவளோடு சண்டை போட்டு நான் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

அவளுடைய உண்மையான சண்டை வீட்டில் இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அங்கே ஒரு மரப்பெட்டி நிறைய பழைய கண்ணாடி ஸ்லைடுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பாசியை ஒட்டி, எண் போட்டு வைத்திருப்பார்கள். மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைய வேண்டும். பதினோராம் எண் வால்வாக்ஸ். பச்சைப் பந்து மாதிரி இருக்கும் பாசி அது. தண்ணீரில் உருண்டுகொண்டே போகும், வயிற்றுக்குள் குட்டிப் பந்துகளைச் சுமந்திருக்கும். புத்தகத்தில் படம் அழகாக இருக்கும். ஸ்லைடில்தான் இல்லை. எந்தக் காலத்திலோ பசை காய்ந்து, பாசி சுருங்கி மறைந்து, அந்த இடத்தில் காற்றுக் குமிழி ஒன்று உட்கார்ந்துவிட்டது. கறுப்பு விளிம்போடு வட்டமாக, உள்ளே வெறுமையாக.

பாசி படிக்கிறவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் செய்கிற தப்பு ஒன்று உண்டாம். குமிழியைப் பார்த்துவிட்டு, ஏதோ புது உயிரைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிப்பார்கள். என் மனைவியும் குதித்திருக்கிறாள். அதனால் குமிழியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வகுப்பில் எல்லோருக்கும்தான் தெரியும். ஆனாலும் கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டு, கையால் புத்தகப் படத்தை வரைவார்கள். அவர்களுக்கு முன்னால் படித்தவர்களும் அப்படியே வரைந்தார்கள். அதற்கு அங்கே முழு மதிப்பெண்.

இவள் மட்டும் வெறும் வட்டம் ஒன்றைப் போட்டு, அம்புக்குறி இட்டு, "காற்றுக் குமிழி" என்று எழுதினாள்.

"எல்லாருக்கும் தெரியறது உனக்கு மட்டும் தெரியலையாம்மா?" என்று பேராசிரியை கேட்டாராம்.

"எல்லாருக்கும் தெரியறதுதான் மேடம் எனக்கும் தெரியுது" என்றாளாம் இவள்.

வாய் சும்மா இருக்காது. போன வருஷச் செய்முறைத் தேர்வில் அதே ஸ்லைடை வைத்தார்கள், அதே பதிலை எழுதினாள், மயிரிழையில் தோற்றாள். மறுபடி எழுத இந்த வருஷம் மட்டும்தான் வாய்ப்பு. விட்டால் சேர்க்கையே ரத்தாகிவிடும். பட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் கெஞ்சினேன். "ஒரே ஒரு வார்த்தைடி. வால்வாக்ஸ்னு எழுதிட்டு வந்துரு. யாரு குடி முழுகப்போகுது?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்க தொட்டிக்குள்ள இறங்காமலே கழுவிட்டேன்னு சொல்வீங்களா?"

"அது வேற!"

"என்ன வேற?"

கோபித்துக்கொண்டு வெளியே போய் மோட்டாரைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

தேர்வுக்கு முந்தைய நாள், செடி விற்கிற ஒரு தோட்டத்தில் எங்களுக்கு வேலை. திறந்த சிமெண்ட் தொட்டி. தண்ணீரை இறைக்கப் போனவன் நின்றுவிட்டேன். வெயில் படுகிற மூலையில் பச்சைப் புள்ளிகள். மற்ற பாசிகள் மிதக்கும், இவை உருண்டன. அவளுடைய புத்தகத்தில் இந்தப் படத்தை எத்தனை தடவை தாண்டிப் போயிருக்கிறேன்! அக்காவின் குடிதண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு, அதில் அந்தத் தண்ணீரை மொண்டேன். பிறகு, ஒப்புக்கொண்ட வேலையாயிற்றே என்று தொட்டியைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு வந்தேன். அங்கே மிச்சம் மீதி எதுவும் இல்லை. என் வேலை அப்படி.

அவள் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் அவளும் அதை உயிரோடு பார்த்ததில்லை. தன் கை லென்சை என்னிடம் நீட்டினாள். பார்த்தேன். பந்துக்குள் பந்துகள், எல்லாம் மெதுவாகச் சுழல, ஏதோ வேலையாகப் போவது மாதிரி போய்க்கொண்டிருந்தன. வாழ்நாள் முழுக்க நான் தேய்த்துக் கொன்றது இதையா?

"உள்ள இருக்கற குட்டிங்க வெளிய வரும்போது தாய் கிழிஞ்சு போயிடும்" என்றாள்.

"எல்லா வீட்லயும் நடக்கறதுதானே" என்றாள் அக்கா. ஆனாலும் லென்சைக் கொடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

அந்தப் பாட்டிலை மறுநாள் தேர்வு நடத்த வரும் பரிசோதகரிடம் காட்டுவதாகத் திட்டம். இதுதான் வால்வாக்ஸ், உங்கள் ஸ்லைடில் இருப்பது இதுவா என்று கேட்டுவிடலாம். காலையில் எழுந்து பார்த்தால் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்காவின் கைவேலை. பச்சை பிடித்த பாட்டில் கண்ணில் பட்டால் அந்தக் கை சும்மா இருக்காது. தூக்கக் கலக்கத்தில்கூடத் தேய்த்துவிடும். தொட்டி கழுவுகிற வீட்டில்தான் இப்படி நடக்கும்.

அக்கா சமையலறை வாசலில் பேயறைந்தவள் போல நின்றாள். என் மனைவி பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்தாள். "நல்லாத்தான் கழுவியிருக்கீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தலை வாரப் போனாள்.

"இனி என்ன பண்ணுவே?" என்றேன்.

"பாட்டில் போனா குமிழி வால்வாக்ஸாயிடுமா?"

இந்த முறை நான் கெஞ்சவில்லை. உருண்டதைப் பார்த்த பிறகு, அந்த வெறும் வட்டத்தைக் காட்டி இதுதான் அது என்று சொல் என்று எந்த வாயால் சொல்வேன்? அக்காதான் பேசினாள். "அவ குமிழின்னா குமிழிதான். எவன் மாத்திச் சொல்றான்னு நானும் வந்து பாக்கறேன்."

அன்றைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூவரும் போனோம். ஆய்வுக்கூடம் தரைத்தளம். தாழ்வாரத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் ஜன்னலோரமாகவே மேசை போட்டு வாய்மொழிக் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிற சாதுவான மனிதர். பேராசிரியை பக்கத்தில் நின்றார். என் மனைவியின் முறை வந்தது.

"பதினொண்ணுக்கு என்னம்மா எழுதியிருக்கே?"

"காற்றுக் குமிழி சார். வேற ஒண்ணும் இல்ல."

"போன தடவையும் இதேதான் சார்" என்றார் பேராசிரியை. "பிடிவாதம்."

பரிசோதகர் எழுந்து போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். திருகை ஏற்றினார், இறக்கினார். விளிம்பு கறுத்து வெளுத்திருக்கும், உள்ளே ஒன்றும் வந்திருக்காது. அதை அவள் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா. உனக்கு மார்க் போட்டுடறேன். இதோட விட்டுடு. பாஸாகிடுவே."

எனக்கு உயிர் வந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வா என்று ஜன்னலுக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"மார்க் அப்புறம் போடுங்க சார். அது குமிழியா, வால்வாக்ஸா? அத மொதல்ல சொல்லுங்க."

"குமிழின்னு சொன்னா இங்க எல்லார் பதிலும் தப்பாயிடும்மா."

"எல்லாரும் பாத்தாங்க சார். யார வேணா கேளுங்க."

பிள்ளைகள் எல்லோரும் தங்கள் தாளையே உற்றுப் பார்த்தார்கள். அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். பிடித்த இடம் வலித்தது. பேராசிரியைதான் நகர்ந்தார். மைக்ராஸ்கோப் அருகே போய்க் குனிந்தார். எத்தனை வருஷமாக அந்த ஸ்லைடை எடுத்து வைத்திருப்பாரோ, பார்த்திருக்க மாட்டார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"குமிழிதான் சார்" என்றார். "புது ஸ்லைடு செய்ய எனக்கு வால்வாக்ஸ் கிடைக்காம இல்ல. நான் தேடல."

பரிசோதகர் அந்தக் கேள்வியையே எல்லோருக்கும் அடித்துவிட்டார். மிச்சக் கேள்விகளுக்குத்தான் மதிப்பெண். அவளும் அவற்றிலேயே தேறினாள், சொந்தக் காலில்.

பேராசிரியை அந்த ஸ்லைடை எடுத்துக் குப்பைக்கூடைப் பக்கம் போனார். என் மனைவி குறுக்கே கையை நீட்டினாள்.

"தூக்கிப் போடாதீங்க மேடம். நல்ல குமிழி. முதல் வருஷப் பிள்ளைங்க ஏமாறாம இருக்கணும்னா இதத்தான் காட்டணும். பேரு மட்டும் தப்பா இருக்கு."

பேராசிரியை ஒரு கணம் அவளை முறைத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து புது லேபிள் ஒன்றை எடுத்து, பேனாவோடு அவள் கையிலேயே கொடுத்தார். அவள் ஜன்னல் கட்டையில் வைத்து, எங்கள் மூக்குக்கு முன்னால், கொட்டை எழுத்தில் எழுதினாள்: காற்றுக் குமிழி.